தகுதி: பரிசுக்குப் போகாத ஒரு கட்டுரைக்கான குறிப்புகள்

பொருண்மையியல் என்று சொன்னதும், பொருளாதாரம் பற்றியா என்று திருப்பிக் கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் பொருள் என்றால் அர்த்தமும்தான், பண்டமும்தான், பணமும்தான். அகராதிக்கும் சந்தைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். இது ஏன், எப்படி என்று ஒரு மாணவர் யோசித்து எழுதினால் அதுவே நல்ல கட்டுரை. ஆனால் எந்தக் கட்டுரைப் போட்டியிலும் இது தலைப்பாக வராது.

ஐரோப்பாவில் பேத் என்ற டச்சுத் தர்க்கவியலாளரின் பெயரால் 1998 முதல் பரிசு கொடுக்கிறார்கள். தர்க்கம், மொழி, தகவல் ஆகிய துறைகளில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது அது. சொல் எப்படிப் பொருளைச் சுமக்கிறது, ஒரு வாக்கியம் எப்போது உண்மையாகிறது என்பதையெல்லாம் இளைஞர்கள் யோசிக்க வேண்டும் என்று அங்கே ஓர் அமைப்பு நினைக்கிறது. நம் மாணவருக்கு வாய்ப்பது மாவட்டக் கட்டுரைப் போட்டி. தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் கவிதை, கட்டுரை, பேச்சு என்று மூன்றுக்கும் போட்டி வைக்கிறது. பள்ளிக்குத் தனி, கல்லூரிக்குத் தனி. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தது 7,000, அதற்கடுத்தது 5,000. தலைப்பை அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் சொல்வார்கள். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-ல் திரும்ப ஒட்டியது, 2007-ல் மறுபடி பிரிந்தது. இந்தக் கூத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லாபம், ஒரு முதல் பரிசு இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

பரிசுத் தொகையைக் கேலி செய்ய மாட்டேன். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு செமஸ்டர். பிரச்சினை பரிசு எதைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. அது கேட்பது புகழுரை. மொழியைப் பற்றி எழுது என்றால் மொழியின் பெருமையை எழுது என்றுதான் மாணவர் புரிந்துகொள்கிறார். அவர் புரிந்துகொண்டது சரியும்கூட, மார்க்கு அதற்குத்தான் விழுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் இருக்கிற பொருளுரையைக் கவனியுங்கள். பொருளை உரைக்க வேண்டிய இடம் அது. அங்கே நாலு உட்தலைப்பு, ஆறு மேற்கோள், அடிக்கோடு. மொழி அங்கே அம்மன் மாதிரி. அலங்காரம் பண்ணலாம், தேர் இழுக்கலாம், கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க மட்டும் கூடாது. மொழியைத் தாயாகவும் தெய்வமாகவும் கட்டமைத்த சொல்லாடலுக்கு ஒரு காலத்தில் அரசியல் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாயிடம் போய் 'இந்தச் சொல்லுக்கு நீ சொல்ற அர்த்தம் சரியா?' என்று கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம், கோர்ட்டில் கேட்கலாம். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெருமை பேசப்படுகிற அந்தப் பழைய நூல்களே இந்தக் கட்டுரைகளைவிட வெகுதூரம் போயிருக்கின்றன. தொல்காப்பியர் பெயரியலில் பொருண்மை வேறு, சொன்மை வேறு என்று பிரிக்கிறார். ஒரு சொல்லால் அது குறிக்கும் பொருளையும் அறியலாம், அந்தச் சொல்லையேயும் அறியலாம் என்கிறார். மாடு புல் தின்கிறது என்பது ஒன்று, மாடு என்பது இரண்டெழுத்துச் சொல் என்பது இன்னொன்று. மேற்கே தர்க்கவியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் தனியாகப் பெயர் வைத்துப் பேசிய வேறுபாடு இது. உரியியலின் கடைசியில், பொருளுக்குப் பொருள் தேடிப்போனால் அதற்கு எல்லையே இல்லை என்று எச்சரிக்கிறார். ஒரு சொல் இந்தப் பொருளை ஏன் பெற்றது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்றும் சொல்கிறார். பிரெயால் என்ற பிரெஞ்சுக்காரர் 1883-ல் இந்தத் துறைக்கு ஒரு பெயர் வைத்தார். ஃப்ரேக 1892-ல் விடிவெள்ளியையும் அந்திவெள்ளியையும் வைத்துக்கொண்டு, சுட்டப்படுவது ஒரே கோளாக இருந்தாலும் பொருள்படும் விதம் வேறு என்று காட்டினார். 'நாங்க அப்பவே சொல்லிட்டோம்' என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அப்பவே சொன்னதை இப்பவும் நாம் உபயோகிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த மண்ணுக்கு இலக்கணம் அந்நியமானதும் இல்லை. உ.வே.சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருவதற்கு முன் தமிழ் கற்றது இந்தப் பகுதிகளில் அலைந்துதான். அரியிலூரில் சடகோபையங்கார், பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். காரிகை படிக்க செங்கணம் போனவர் அவர். இன்றைக்குச் செங்கணத்திலிருந்து ஒரு பையன் எதைப் படிக்க எங்கே போகிறான் என்பது வேறு கதை. (அரியிலூர் என்பதை ஹரி குடியிருக்கும் ஊர் என்று பிரித்துக் காட்டுவதும், பெரம்பலூரைப் பெரும்புலியூர் ஆக்குவதும் போட்டிக் கட்டுரைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. ஊர்ப் பெயரைப் பிய்த்துப் பார்ப்பதோடு நம் பொருண்மையியல் முடிந்துவிடுகிறது.)

சாத்தனூருக்குப் போயிருப்பீர்கள். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோடு வந்து புதைந்து கல்லாகிப்போன மரம் அங்கே கிடக்கிறது, 18 மீட்டர் நீளத்துக்கு. 1940-ல் புவியியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அதை வெளியுலகுக்குச் சொன்னார். ஊர்க்காரர்கள் அதைக் கல்மரம் என்கிறார்கள். இப்போது ஒரு கேள்வி: கல்மரம் மரமா?

சிரிக்க வேண்டாம். தேக்குமரம் மரம், புளியமரம் மரம், அதில் சந்தேகமில்லை. கல்மரம் அப்படி இல்லை. இலை கிடையாது, விறகுக்கு ஆகாது, வெட்டினால் தீப்பொறி வரும். மரம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. முன்னால் வருகிற சொல் பின்னால் வருகிற சொல்லின் பொருளை எந்த அளவுக்கு மாற்றலாம்? வடிவப் பொருண்மையியலில் இது பழம்பெரும் வழக்கு. பார்பரா பார்ட்டீ இதே கேள்வியைக் கல்சிங்கத்தை வைத்துக்கொண்டு கேட்டார். கல்சிங்கம் சிங்கமா? சிங்கம் இல்லை என்றால் ஏன் சிங்கம் என்கிறோம்? 'சிங்கம்' என்ற சொல்லே அந்த இடத்தில் கொஞ்சம் விரிந்துகொடுக்கிறது என்பது ஏறக்குறைய அவருடைய பதில். நம்மிடம் இருப்பது அதைவிடச் சிக்கலானது. கல்சிங்கம் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. சாத்தனூர்க் கல்மரமோ ஒரு காலத்தில் நிஜ மரம். பெயர் பழைய பொருளைக் கைவிடவில்லை, பொருள் பெயரைவிட்டு நகர்ந்து போய்விட்டது. சாத்தனூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தினம் பார்க்கிற ஒன்றிலிருந்து மாஸசூஸட்ஸில் விவாதிக்கப்பட்ட கேள்விக்குப் போய்விட முடியும். பாலம் இருக்கிறது. வழிகாட்டத்தான் ஆளில்லை. போட்டியில் கல்மரம் வந்தால் 'எங்கள் மாவட்டத்தின் சிறப்பு' என்ற உட்தலைப்பின் கீழ் மூன்று வரியில் வந்துபோகும்.

சொல்லின் பொருள் பற்றிய சண்டை தெருவுக்கு வராமல் இல்லை. 2023 ஜனவரியில் ஆளுநர் 'தமிழ்நாடு' என்பதைவிடத் 'தமிழகம்' பொருத்தம் என்று பேசினார், மாநிலம் முழுக்கக் கொதித்தது. 'நாடு' என்ற சொல்லின் பொருள் என்ன என்பதுதான் அந்தத் தகராறு. கங்கைகொண்ட சோழபுரம் இந்த அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில பல ஊர்கள் சேர்ந்த ஒரு சின்ன அலகு. அந்த நாட்டுக்கும் தேசம் என்ற பொருளில் வரும் நாட்டுக்கும் 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டுச் சூட்டிய நாட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! அந்த நாளையொட்டி இப்போது மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் வைக்கிறார்கள். பெயர் சூட்டிய வரலாற்றை எழுதச் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். பெயருக்குள் இருக்கிற சொல் நகர்ந்துவந்த வரலாற்றை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஆளுநருக்குப் பதில் சொல்ல நமக்குக் கோஷம் தவிர வேறு சிலவும் கையில் இருந்திருக்கும்.

சரி, அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தகுதி.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நன்னூல் வழக்கை இரண்டாகப் பிரிக்கிறது: இயல்பு வழக்கு, தகுதி வழக்கு. இயல்பாக இருக்கிற சொல்லால் சொல்வது இயல்பு. இந்தச் சொல் இந்த இடத்துக்குத் தகாது என்று வேறு சொல்லால் சொல்வது தகுதி. அது மூன்று வகை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. ஆக இலக்கணத்தில் தகுதி என்பது சொல்லுக்கு மட்டும் உரியதல்ல. யார் முன்னால், எந்தச் சபையில், எந்தக் கூட்டத்துக்குள் என்பதைப் பொறுத்தது. சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற குணம் இல்லை அது, உறவு.

இன்னும் பின்னால் போகலாம். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் தகுதி என்ற சொல்லோடுதான் ஆரம்பிக்கிறது. பரிமேலழகர் அங்கே தகுதிக்கு நடுவுநிலைமை என்றே பொருள் எழுதுகிறார். பகைவர், அயலார், நண்பர் என்று யாராக இருந்தாலும் முறை தவறாமல் நடப்பது. கவனியுங்கள். அங்கே தகுதி யாருக்கு இருக்க வேண்டும்? தராசைப் பிடித்திருக்கிறவருக்கு. இன்றைக்கு அதே சொல் தராசுத் தட்டில் ஏற்றி வைக்கப்பட்டவரிடம் கேட்கப்படுகிறது. நிறுக்கிறவரின் அறமாக இருந்த ஒன்று நிறுக்கப்படுகிறவரின் எடையாக மாறிப்போனது எப்போது, யாரால்? தமிழில் பொருண்மை மாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை எழுத அனுமதி என்றால் நான் இதைத்தான் எழுதச் சொல்வேன்.

நடுவில் என்ன நடந்தது என்பதற்குக் கிராமத்துப் பேச்சே சாட்சி. 'அவன் தகுதி என்ன, நம்ம தகுதி என்ன', 'தகுதி பாத்துச் சம்பந்தம் வை', 'தகுதி தெரியாமப் பேசாத'. இங்கே தகுதி என்பது சாதி. வேறெதுவுமில்லை. நடுவுநிலைமைக்கு நேர் எதிர்க் கோடிக்குச் சொல் போய்விட்டது. வகுப்புரிமை அரசாணைக் காலம் தொட்டு மண்டல் வரை, 'தகுதி, திறமை' என்று இரட்டையாக வந்து இடஒதுக்கீட்டுக்கு எதிராக நின்ற சொல்லும் இதுதான். பெரியார் அந்த இரட்டையை வாழ்நாள் முழுக்கக் கிழித்தார். ஆனால் சொல் சாகவில்லை. பரீட்சைத் தாளில் நுழைந்துகொண்டது.

நீட் என்பதைத் தமிழில் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு என்கிறார்கள். ஆங்கிலத்தில் எலிஜிபிலிட்டி வேறு, மெரிட் வேறு. முதலாவது ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் உள்ளே வரலாம், அதற்குமேல் அது எதுவும் சொல்வதில்லை. இரண்டாவது ஏணி, யார் யாருக்கு மேலே என்று சொல்வது. தமிழில் இரண்டுக்கும் தகுதி என்கிறோம். (மெரிட் லிஸ்டுக்குத் தரவரிசைப் பட்டியல் என்றும் ஒரு பெயர் உண்டு. வரிசை என்பது கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்கும் பெயர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கோடும் ஏணியும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டால், கோட்டைத் தாண்டாதவர் ஏணியிலும் இல்லை, ஆளே சரியில்லை என்று ஆகிவிடுகிறது. 'தகுதி பெறவில்லை' என்ற செய்தி 'தகுதியில்லாதவள்' என்று காதில் விழுகிறது. ஒன்று நிகழ்ச்சி, மற்றது பிறவிக்குணம். ஒரு விகுதி மாற்றம் செய்கிற வேலை.

குழுமூர் அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம். அனிதா அந்த ஊர். 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தார். அதற்கு முன் சுமார் பத்தாண்டுகள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவச் சேர்க்கை நடந்தது. அந்தத் தராசில் அவர் டாக்டர். நீட்டில் 720-க்கு 86. இந்தத் தராசில் அவர் யாரும் இல்லை. உச்சநீதிமன்றம் வரை போய்ப் பேசினார். ஆகஸ்ட் 22 அன்று தமிழ்நாட்டிலும் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று உத்தரவாயிற்று. செப்டம்பர் 1 அன்று அனிதா இறந்தார்.

அதன்பிறகு சுவர்களிலும் மேடைகளிலும் நடந்ததும் பொருண்மையியல்தான். ஒரு தரப்புக்கு அது தற்கொலை, ஒரு தரப்புக்குப் படுகொலை, ஒரு தரப்புக்குத் தியாகம். யார் செய்தார்கள் என்ற எழுவாயை ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு இடத்தில் வைக்கிறது. படுகொலை என்ற சொல்லின் நியாயம் எனக்குப் புரிகிறது. தியாகம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கேட்டது ஒரு கல்லூரி இடம். உயிரைக் கொடுக்க அவர் வரவில்லை, படிக்க வந்தார். தியாகி என்று எழுதுகிற நம் தோழர்கள் மங்கல வழக்கில் எழுதுகிறார்கள், இன்னொரு பிள்ளைக்கு அதில் ஆபத்தும் இருக்கிறது.

இனி அந்தத் தேர்வு சொல்கிற தகுதி என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பொதுப் பிரிவினருக்கு 50 பெர்சன்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. பெர்சன்டைல் என்பது மதிப்பெண் இல்லை. உனக்குக் கீழே எத்தனை பேர் என்ற கணக்கு. 50 பெர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை நீ தாண்டிவிட்டாய். எல்லாரும் அடுத்த வருஷம் இரண்டு மடங்கு நன்றாகப் படித்தாலும் பாதிப் பேர் தகுதியில்லாதவர்களாகவே இருப்பார்கள். எல்லாரும் பாதி மறந்துபோனாலும் பாதிப் பேருக்குத் தகுதி இருக்கும். ஹான்ஸ் காம்ப் 1975-ல் பெயரடைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வகைச் சொற்களுக்குள் நுழைய நல்ல வாசல். குட்டையான யானை குட்டையான எறும்பைவிடச் சின்னதில்லை. எதோடு ஒப்பிட்டு என்பது தெரியாமல் குட்டை, நெட்டை என்ற சொல்லுக்குப் பொருள் முழுமையாகாது. தகுதியும் அப்படி ஒப்பீட்டுச் சொல்தான். ஆனால் 'அவளுக்குத் தகுதியில்லை' என்ற வாக்கியத்தில் ஒப்பிடப்படுகிற கூட்டம் மறைந்துவிடுகிறது. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டிய பிள்ளைகள், இரண்டாவது மூன்றாவது தடவை எழுதுகிற பிள்ளைகள், வேறு பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகள், இவர்களோடு ஒப்பிட்டு என்ற பகுதி வாக்கியத்தில் இல்லை. உறவைக் குணமாகக் காட்டுவது, கருத்தியல் என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதன் மிகச் சின்ன இலக்கண வடிவம் இதுதான்.

கூத்தின் உச்சம் 2023 செப்டம்பரில் வந்தது. மருத்துவ மேற்படிப்புக்கான நீட்டில் இடங்கள் காலியாக இருந்தன. தகுதிக்கோட்டை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்று இறக்கினார்கள். அதாவது பரீட்சை எழுதிய அத்தனை பேருக்கும் தகுதி உண்டு. யாரையும் விலக்காத ஒரு சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா? முதல் வருஷப் பொருண்மையியல் வகுப்புக்கான கேள்வி. காலி சீட்டை நிரப்ப வேண்டியிருந்தபோது தகுதி எவ்வளவு தாராளமாக விரிந்துகொடுத்தது என்பதைக் குழுமூரில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982-ல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. அதற்குப் பிறகு சிறுபத்திரிகைகளில் குறிப்பான், குறிப்பீடு, சொல்லாடல், கட்டுடைப்பு என்று எவ்வளவு பக்கம் எழுதினோம், எவ்வளவு சண்டை போட்டோம். சசூரின் நூல் 1916-ல் வந்தது என்பது நம் வாசகர்களுக்கு மனப்பாடம். அந்தச் சண்டைகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தவை அவை. ஆனால் குறிப்பான் நழுவுகிறது, பொருள் தள்ளிப்போகிறது என்று பொதுவாகச் சொன்னோமே தவிர, எந்தக் குறிப்பான், எந்த வருஷம், எந்த அரசாணையில், யார் கையிலிருந்து யார் கைக்கு நழுவியது என்று ஒரு சொல்லையாவது எடுத்துக் கணக்குப் பார்த்தோமா? பொருள் நிலையற்றது என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சில சொற்களின் பொருளை அரசிதழில் அச்சடித்து நிலைநிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று நிலம் எடுத்தபோது 'பொது நோக்கம்' என்ற தொடர் செய்த வேலையைப் பற்றி அந்த விவசாயிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மின்நிலையம் வரவில்லை. நிலத்தின் பேரில் வழக்கு மட்டும் வருஷக்கணக்கில் நடந்தது.

ஆகவே யாராவது, ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ, ஆசிரியர் சங்கமோ, இந்த இதழைப் படிக்கிற நாலு பேரோ, இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாகப் பொருண்மையியலில் ஒரு மாணவர் கட்டுரைப் பரிசு வைக்கலாம். ஆயிரம் ரூபாய் போதும். தலைப்பை ஒளித்துவைத்து அங்கே வந்து திறக்க வேண்டாம். ஆறு மாசம் முன்னாலேயே ஒரு சொல்லை அறிவித்துவிடலாம். தகுதி, தரிசு, நாடு, பொது, கூலி. வீட்டில் பாட்டியிடம் கேட்டு வா, கோர்ட்டுத் தீர்ப்பில் பார்த்து வா, டீக்கடையில் காது கொடுத்து வா, அகராதியைப் புரட்டி வா. மேற்கோளுக்கு மார்க்கு கிடையாது. ஒரு சொல் ஒரு வாக்கியத்தில் எதை மறைக்கிறது என்று காட்டினால் மார்க்கு. நடத்த இடமும் இருக்கிறது. 2022-ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், 2023-ல் அதன் கலையரங்குக்கு அனிதாவின் பெயர் வைத்தார்கள்.

அதுவரைக்கும் பரீட்சையில் 'தகுதி வழக்கு எத்தனை வகைப்படும்? அவை யாவை?' என்று இரண்டு மார்க்குக் கேள்வி வந்துகொண்டிருக்கும். மூன்று வகைப்படும் என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள், முழு மார்க்கும் போட்டுக்கொண்டிருப்போம்.